விமான ஈடும் மூத்த பிள்ளைகளின் வகுப்பும்

விமானங்களுக்கு ஈடு பதிவது என் வேலை. கொழும்பில் இதைச் சொன்னால் ஆட்கள் எளிதில் நம்புவதில்லை. ஒருவர் வங்கியில் கடன் எடுத்துச் சிறிய விமானம் ஒன்றை வாங்கினால், கடன் தீருமுன் அதை மறைவாக விற்றுவிடாதபடி வங்கியின் உரிமையைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பம்பலப்பிட்டியில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் அதற்கான காகிதங்களை ஆயத்தம் செய்கிறேன். சட்டத்தரணி அறுபதைத் தாண்டிய பெண்மணி. எல்லோருக்கும் அவர் மேடம்.

மேடத்திடம் ஒரு வழக்கம் உண்டு. பதியுமுன் இரத்மலானை விமான நிலையத்துக்குப் போய், விமானத்தில் பொருத்தியுள்ள உலோகத் தகட்டிலிருந்து இலக்கத்தைக் கண்ணால் பார்த்து வர வேண்டும். எஞ்சினுக்கு வேறு இலக்கம்; அதையும் தனியாகப் பார்க்க வேண்டும். ஒருமுறை காகிதத்தில் இருந்த எஞ்சின் திருத்தத்துக்காக வெளிநாடு போயிருந்தது. விமானத்தில் பூட்டியிருந்தது வாடகை எஞ்சின். உரிமையாளர் அதை ஒரு பொருட்டாகவே நினைத்திருக்கவில்லை.

என் மகனுக்கு ஓட்டிசம் எனும் மதியிறுக்கம். அப்போது அவனுக்கு வயது பதினாறு. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனையிலுள்ள ஒரு சிறிய நிலையத்துக்குப் போய்வந்தான். சென்ற வருடம், ஆடிவேல் திருவிழாவுக்கு அடுத்த கிழமை, நிலையத்தை நடத்தும் டீச்சர் பெற்றோரைக் கூப்பிட்டார். மூத்த பிள்ளைகளின் வகுப்பை மார்கழியோடு நிறுத்த வேண்டிவரும் என்றார். குழந்தைகளுக்கு உதவி வருகிறது. மீசை முளைத்த பிள்ளைகளுக்கு வருவதில்லை. அந்த வகுப்பு இல்லையென்றால் மகனுக்கு வீட்டுச் சுவர்கள்தான்.

ஓட்டிசம் உள்ளவர்களுக்காக உழைக்கும் ஒரு நிலையத்துக்கு உதவ அலுவலகமும் அந்த மாதம் முடிவு செய்திருந்தது. யாரோ அனுப்பிய வழுவழுப்பான பிரசுரம் ஒன்று மேடத்தின் மேசையில் கிடந்தது. சிரிக்கும் குழந்தைகள், வங்கிக் கணக்கு இலக்கம். நான் கொட்டாஞ்சேனை நிலையத்தைப் பற்றிச் சொன்னேன். என் மகன் அங்கே படிப்பதையும் மறைக்கவில்லை.

மேடம் பிரசுரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதில விலாசமே இல்லை. உங்கட இடத்துக்கு இருக்குதானே? அப்ப போய்ப் பாப்பம்."

வெள்ளிக்கிழமை போனோம். அன்று பக்கத்து வீதியில் கொங்கிறீற் உடைத்துக்கொண்டிருந்தார்கள். மகன் காதுகளைப் பொத்தியபடி மூலையில் நின்று முனகினான். மேடத்தை வேறொரு நாள் அழைத்து வந்திருக்கலாமே என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. டீச்சர் அவனை அதட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை. சற்றுத் தள்ளி நிலத்தில் அமர்ந்து, பிள்ளைகள் கடைகளுக்காக அடுக்கும் மெழுகுதிரிகளைத் தானே பெட்டியில் அடுக்கத் தொடங்கினார். நெடுநேரம் கழித்து அவன் ஒரு காதிலிருந்து கையை எடுத்தான்.

மேடம் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடியே கேட்டார். பதிவு எந்தப் பெயரில்? கணக்கை யார் பரிசோதிக்கிறார்கள்? ஒரு பிள்ளையோடு ஒருவரைத் தனியே இருக்க விடுவீர்களா?

"தனிய விடுறேல்ல மேடம், கதவு பூட்டுறதும் இல்லை. கணக்குப் புத்தகத்தைக் கொண்டுபோய் ஆறுதலாப் பாருங்கோ." டீச்சர் மெல்லச் சிரித்தார். "நீங்கள் பிளேனை ஈடு பிடிக்கிற ஆக்களாமே. எங்கட பழைய வான் வண்டியையும் பிடியுங்கோவன். எங்கயும் ஓடி ஒளியாது. ஸ்டார்ட் ஆனாத்தானே."

மேடமும் சிரித்துவிட்டார். பிறகு, "எங்கட அலுவலகத்து மற்றப் பங்காளியளுக்குக் காட்ட ஒரு படம் வேணும். நீங்கள் பிள்ளையளோட நிக்கிற மாதிரி," என்றார்.

"பிள்ளையளின்ர முகத்தைப் படத்துக்குக் குடுக்கிறேல்ல மேடம். படம் எடுக்கட்டோ எண்டு கேட்டா, மாட்டன் எண்டு சொல்ல இவையில கனபேருக்கு ஏலாது. அதால நான் சொல்லுறன்."

ஒரு படம்தானே என்று சொல்ல வாயெடுத்தேன். மகனைப் பார்த்தேன். அடக்கிக்கொண்டேன். வகுப்பு கைவிட்டுப் போய்விட்டது என்றே எண்ணினேன்.

மேடம் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்தார். "படம் பாத்து நான் ஒரு பிளேனையும் பதிஞ்சதில்லை. பெயின்ற் மாத்தினா எல்லாம் மாறிப்போகும். உங்கட பதிவு நம்பரைத் தாங்கோ. மற்ற ஆக்களோட நான் கதைக்கிறன்."

திங்கட்கிழமை அந்த இலக்கத்தை உரிய இடத்தில் விசாரித்தோம். சரியாக இருந்தது. மேடம் கணக்குகளை வரிவரியாக வாசித்தார். எனக்குத் தெரியாத இரண்டு பெற்றோரைத் தானே அழைத்துப் பேசினார். கார்த்திகை விளக்கீட்டுக்கு முந்தின நாள், இரண்டு வருடத்துக்கான உதவிப் பத்திரம் கையெழுத்துக்கு வந்தது.

மேடம் பேனையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். "இது முடியேக்க மகனுக்குப் பதினெட்டு, என்ன?"

"ஓம் மேடம்."

"அதுக்குப் பிறகு?"

"தெரியாது மேடம்."

"டீச்சருக்கு?"

"கேட்டனான். அவவுக்கும் தெரியாதாம்."

அவர் கையெழுத்திட்டு, மை காயும்வரை காத்திருந்து, என்னிடம் தந்தார்.