வடிவாம்பாள் வீட்டு நீல மருந்து

எட்டுச் சொட்டு. ஒன்பதாவது விழுந்துவிட்டால் வடிவாம்பாள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவாள். கண்ணாடிக் குழாயில் நீல மருந்து, அதில் எட்டுச் சொட்டுச் சிறுநீர், கீழே ஸ்பிரிட் விளக்கு. காலை ஆறரைக்கு, வாசற்படியில், தெருவே பார்க்க இது நடக்கும். முகம் சுளிப்பவர்கள் எதிர்ச்சாரியில் நடக்கலாம், அவளுக்கு ஆட்சேபமில்லை.

வயது நாற்பத்தாறு. பட்டு நெசவு. சர்க்கரை வியாதி வந்து ஏழு வருஷம். ஆஸ்பத்திரியில் நிறங்களின் பெயரை ஆங்கிலத்தில் அச்சடித்த அட்டை ஒன்றும், சாப்பாட்டுக் காகிதம் ஒன்றும் கொடுத்தார்கள். காகிதத்தில் காய்ந்த ரொட்டி, ஆப்பிள், ஆடை நீக்கிய பால். "ஆப்பிள நான் சாமிக்கே படைச்சதில்லமா" என்று டாக்டரம்மாவிடமே சொல்லிவிட்டு வந்தவள், வீட்டுச் சுவரில் ஐந்து பட்டு நூல் கழிகளைத் தொங்கவிட்டாள். நீலம், கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், ஆரஞ்சு, அரக்கு. குழாயைக் காய்ச்சி, மாறும் நிறத்தை நூலோடு ஒட்டிப் பார்க்க வேண்டியதுதான். நீலமென்றால் சர்க்கரை இல்லை, கிளிப்பச்சையென்றால் கொஞ்சம்தான். அரக்கென்றால் ஆபத்து. எங்கள் தெருவில் எழுத்துத் தெரியாதவர்கள் உண்டு, நிறம் தெரியாதவர்கள் கிடையாது.

சர்க்கரைக்காரர்கள் ஒவ்வொருவராக அவளிடம் வந்தார்கள். அவள் வைத்தியம் பார்ப்பதில்லை, மிரட்டுவாள். "அரக்கு வந்துட்டா அன்னிக்கி அரிசிய மறந்துடு. கேவுரு களி, கீர. மறுநாளும் அரக்குன்னா மாத்திரச் சீட்ட எட்துக்கினு டாக்டராண்ட ஓடு." டாக்டர் நடக்கச் சொன்னபோது, வேலையற்றவள் மாதிரி வீதியில் நடப்பதா என்று பெண்கள் கூசினார்கள். விடியலில் தெருநீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டியிருக்கும்போது, நூல் அறுந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல் அதன் ஓரமாகப் பத்துத் தரம் போய்வரச் சொன்னாள். இன்றும் போய்வருகிறார்கள், அறாத நூலைக் கவலையோடு பார்த்துக்கொண்டு.

தறிக்குழியில் கால் வைக்குமுன் எல்லோரும் உள்ளங்காலைக் குங்குமச் சிமிழ்க் கண்ணாடியில் பார்த்துவிட வேண்டும். இதில் அவள் யாருக்கும் சலுகை தருவதில்லை. அவள் அண்ணன் வேலாயுதம், சர்க்கரையில் கால் மரத்துப்போய், குழியில் மூங்கில் சிலாம்பு குத்தியது தெரியாமலே பதினைந்து நாள் நெய்தவர். ஆஸ்பத்திரியிலிருந்து ஒற்றைக் காலோடு வந்தார்.

போன ஆனி வரை இந்தக் காய்ச்சுகிற வேலையெல்லாம் கொல்லைப்புறத்தில்தான் நடந்தது. ஆடிப்பூரத்துக்கு அம்மனுக்குச் சாத்தும் புடவை பன்னிரண்டு வருஷமாக அவள் தறியில் நெய்தது. நூல் கொடுக்கும் பஞ்சாட்சரம் வழக்கம்போல் வந்தார். ஸ்பிரிட் விளக்கைப் பார்த்தார்.

"சாமி புடவ தறியில இருக்கிற நாப்பது நாளும் மூத்தரம் காய்ச்சற வேல இந்த ஊட்ல வேணாம்மா."

"நாப்பது நாள் பாக்காம உட்டு என் காலயும் எட்துட்டா, அம்மனா வந்து தறி மிதிக்கும்? நூல எட்துக்கினு போங்க."

அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று வடிவாம்பாள் அழுதாள். அழுதுகொண்டே விளக்கையும் குழாயையும் கொல்லையிலிருந்து வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தாள்.

புடவை கலாவதியின் தறிக்குப் போயிற்று. கலாவதி நான்கு வீடு தள்ளி இருப்பவள். அவளுக்கும் சர்க்கரை; தெருவுக்குத் தெரியாது. விரதமென்று தன் வீட்டில் குழாயை ஒளித்து வைத்தவள், பயம் தாங்காமல் விடியலில் முந்தானைக்குள் புட்டியோடு வடிவாம்பாள் வீட்டுக் கொல்லைக் கதவைத் தட்டினாள். முதல் வாரம் முழுக்க அரக்கு. வடிவாம்பாள் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பக்கத்து வீட்டில் குடியிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் ஆத்திரம் பொங்கியது. பஞ்சாட்சரத்திடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

"வாய மூடிக்கினு இருங்க சார். அவ காலும் காலுதான்."

ஆடிப்பூரத்தன்று காலை மேளத்தோடு புடவை கோயிலுக்குப் புறப்பட்டது. முன்னால் பஞ்சாட்சரம், பின்னால் தாம்பாளத்தை ஏந்திக் கலாவதி. தெரு முழுவதும் கைகூப்பி நின்றது. வடிவாம்பாள் வாசலில் குழாய் கொதித்துக்கொண்டிருந்தது. விடியலில் கலாவதி கொடுத்துவிட்டுப் போன புட்டியிலிருந்து எடுத்த எட்டுச் சொட்டு. பஞ்சாட்சரம் தூரத்திலிருந்தே கையை வீசி, உள்ளே போ என்றார்.

வடிவாம்பாள் எழுந்தாள், உள்ளே போகவில்லை. வெயிலில் குழாயை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். கிளிப்பச்சை. பிறகு அதை எல்லாத் தலைகளுக்கும் மேலே தூக்கி, தாம்பாளத்தோடு வந்த கலாவதி நிமிர்ந்து பார்க்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.