மூட்டைக்குக் காய்ச்சல்

குழந்தைகளே, போன வியாழக்கிழமை மத்தியானம் எங்கள் வீடு எரிந்து போயிருக்கும்.

வீடு மட்டுமா? கோட்டைக்குள் எங்கள் தெருவில் பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் சுவர் ஒன்று, உத்தரம் ஒன்று. ஒரு கூரை பற்றினால் தெருவே போச்சு!

எல்லாம் ஒரு பூ மூட்டையால்.

மல்லிகை, பிச்சி இல்லை. ஹாப் பூ. சீமையில் கொடியில் பூப்பது. சவுக்குக் காய் அளவு, ஆனால் காகிதம் மாதிரி மெல்லிய செதில்கள். பீருக்குக் கசப்பும் வாசனையும் தருவது இதுதான். இதிலும் ரகங்கள் உண்டு. இது கோல்டிங் என்ற உசந்த ரகம்.

நான் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடையில் குமாஸ்தா. யுத்தத்தில் பீர் பாட்டில் கிடைக்காமல், மலை எஸ்டேட் துரை ஒருவர் தாமே காய்ச்சத் துணிந்து, பம்பாயிலிருந்து இதைத் தருவித்தார். ஆனால் மழையில், மலைக்குப் போகும் வித்துரா பஸ் நின்றுவிட்டது. கடைக் கிடங்கோ ஒழுகுகிறது. மூட்டையின் ஒரு மூலை ஏற்கெனவே ஈரம்.

"சாமி, பஸ் ஓடுற வரைக்கும் உம்ம வீட்டுல வையும். துரை சாமான் வே!" என்றார் முதலாளி.

வீட்டில் என் மனைவி மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "பீர் பூவா? நம்மாத்துலயா? வாசனை அடுத்தாத்து வெங்கு மாமாவுக்குப் போச்சோ, அப்புறம் நம்மாத்துல யாராவது பச்சைத் தண்ணி குடிப்பாளா? மூத்தவளுக்கு வரன் பாக்கற சமயமாக்கும்!"

நியாயம்தானே? ஜமக்காளம் சுற்றினோம். கம்பளி சுற்றினோம். கயிற்றால் இறுக்கினோம். பின்கட்டில் தேங்காய் மட்டைக் குவியலுக்குப் பின்னால் திணித்தோம். வாசனை அடங்கிவிட்டது. எத்தனை சமர்த்து நாங்கள்!

வியாழக்கிழமை சாப்பிட வந்திருந்தேன். ஐந்து வயது ராஜம் ஓடி வந்தாள்.

"அப்பா, மூட்டைக்குக் காய்ச்சல்!"

"அங்க ஏண்டி போனே?"

"குளிர்ந்துது. அதுமேல படுத்துண்டேன். கதகதன்னு இருந்துது. இப்ப சுடறது."

சிரித்துக்கொண்டே போனேன். கம்பளிக்குள் கையை விட்டேன்... அம்மா! அடுப்பில் விட்ட மாதிரி இருந்தது.

நனைந்த வைக்கோலைப் போராக அடுக்கினால் உள்ளே சூடேறுமே, அதேதான். கயிற்று முடிச்சு வழியே புகை நூலாகக் கிளம்பியது. சுற்றிலும் காய்ந்த மட்டை. அடுத்த அறையில் தூளியில் கைக்குழந்தை.

கொல்லைக் கதவைத் தள்ளினேன். மழையில் ஊறி உப்பிப்போய், அசையவில்லை. வாசல் ஒன்றுதான் வழி. மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூடத்தைத் தாண்டினேன். எதிரே, குடையும் கையுமாக — வெங்கு மாமா!

நின்றுவிட்டேன். நம்புவீர்களா? கையில் நெருப்பு, வீட்டில் குழந்தைகள்... நான் ஒரு மனிதரின் மூக்குக்குப் பயந்து நின்றேன்.

"மாமா கிடக்கட்டும்! கொண்டு கொட்டுங்கோன்னா!" என்று மனைவி முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

கொட்டும் மழையில், நடுத்தெருவில், மனைவி நீட்டிய அரிவாளால் கயிற்றை அறுத்தேன். உள்ளே நடுப்பாகம் கரிக்கட்டை. ஒரு சிவப்புக் கங்கு கண் விழித்துப் பார்த்தது. மழை பட்டுச் 'சுர்' என்று அணைந்தது. வாசனை தெருக்கோடி வரை போயிற்று.

"எந்தாடா இது?" என்றார் மாமா.

"பீர் பூ, மாமா."

ஒரு பூவை எடுத்து முகர்ந்தார். கொப்புளம் கிளம்பியிருந்த என் கையைப் பார்த்தார். பூவைக் கீழே போட்டார்.

"குழந்தைகள் எங்கே?"

வேறொன்றும் கேட்கவில்லை. குடையை வீசிவிட்டு உள்ளே ஓடித் தூளியிலிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

துரைக்கு என்ன பதில் சொல்வது? இன்னும் தெரியவில்லை.

சரி... நீங்கள் யாருக்கோ பயந்து மூடி வைத்திருப்பது ஏதாவது உண்டா? ஒரு தரம் தொட்டுப் பாருங்கள் — சுடுகிறதா?