இரண்டாவது அடுப்பு

எங்கள் வளவுக்குக் குறுக்கே வேலி போட்டது அப்பாதான். அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் சண்டை எதுவும் இல்லை. கடைசிக் கிடுகைக் கட்டி முடித்தபோது அப்பா வேலியின் அந்தப் பக்கம் நின்றார். தேத்தண்ணி இந்தப் பக்கம் இருந்தது. ஒரு மூலையை அவிழ்த்துக்கொண்டு குனிந்து வந்தார். அந்த ஓட்டையை அவர் பிறகு அடைக்கவே இல்லை. அம்மா ஆக்கிய கறி சின்னம்மாவிடம் போனதும் அதன் வழியாகத்தான்.

ஆற்றை மறித்து அணை கட்டப்போகிறார்கள், ஊர் தண்ணீருக்குள் போகும் என்று பெரியவர்கள் இரண்டு வருடமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களுடையது வாவிக்கு மேற்கே படுவான்கரையில், கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே, வயல்வட்டைகளுக்கு நடுவில் இருந்த சின்ன ஊர். தண்ணீர் எதுவரை வரும் என்று காட்டச் சிவப்பு மை பூசிய கட்டைகளை நட்டுவிட்டுப் போனார்கள். எங்களுக்குரிய கட்டை வீட்டுக்குப் பின்னால், கூரையைவிட உயரமான மேட்டில் நின்றது. எனக்கு அப்போது எட்டு வயது. கூரைக்கு மேலே மீன் நீந்தும் என்று நினைக்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை ஒளிப்பானேன்.

பெரியவர்களின் கவலை வேறு. வளவுக்கு ஒரு வீடு என்று கொடுக்கமாட்டார்களாம், அடுப்புக்கு ஒரு வீடாம். தனியாக உலை வைக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் புதுக் குடியேற்றத்தில் ஒரு துண்டுக் காணியும் கட்டிய வீடும் கிடைக்கும். எங்கள் வளவிலோ ஒரே ஒரு அடுப்பு. அம்மாவும் அவருடைய தங்கை சின்னம்மாவும் அதில் சேர்ந்துதான் சமைத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் வீடு இல்லாத பெண்ணுக்குக் கல்யாணம் இல்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். தாயின் வீடு மகளுக்கு, பிறகு அவளுடைய மகளுக்கு என்று போகும். இருந்த வீடு மூத்தவள் என்று அம்மாவுக்குப் போய்விட்டது. சின்னம்மாவுக்கென்று வளவின் தெற்கு மூலையில் அத்திவாரம் போட்டார்கள். பிறகு யுத்தம் என்றார்கள், வெள்ளம் என்றார்கள், காசில்லை என்றார்கள். அத்திவாரம் அத்திவாரமாகவே கிடந்தது, நாங்கள் அதில் மிளகாய் காயப்போட்டோம். சின்னம்மாவுக்கு முப்பத்திரண்டு வயதாகிவிட்டது. ஊரே அணையைத் திட்டிக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் வாய் திறக்கவில்லை.

இரண்டு குடும்பமாகத் தெரிய அப்பா வேலி போட்டார், அந்த அத்திவாரத்தின் மேல் அவசர அவசரமாக ஒரு கொட்டிலும் எழுந்தது. சின்னம்மா உள்ளே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார். புது அடுப்பு என்று பார்த்தவுடன் தெரிந்துவிடுமே என்று ஒரு கிழமை முழுவதும் தேங்காய்ப் பொச்சை எரித்துக் கூரையைக் கரியாக்கினோம். அம்மா தன்னுடைய சட்டிகளில் நன்றாக அடி கறுத்தவையாகப் பார்த்துக் கொடுத்தார்.

எல்லாம் முடிந்த பிறகு ஊருக்குப் பொறுப்பான விதானையார் வந்து ஒரு குறை சொன்னார். கல்யாணம் ஆகாத பெண் தனியாக இருந்தால் குடும்பம் என்று எழுதமாட்டார்கள், கூட ஒரு பிள்ளை இருந்தால் எழுதலாம். சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். அக்காவுக்குப் பதினான்கு வயது, வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும். தம்பி பால்குடி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து நான் சின்னம்மா எடுத்து வளர்க்கிற பிள்ளை. அம்மா என்னை முன்னால் இருத்திப் பாடம் சொல்லித் தந்தார். ஆர் கேட்டாலும் நான் சின்னம்மாவின் பிள்ளை. இருப்பதும் உண்பதும் அவரோடுதான். பள்ளிக்கூடத்தில் ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறுகிற எனக்கு இது தண்ணீர்பட்ட பாடாக வந்தது. கணக்கெடுக்க வந்த கிளாக்கர், மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர், சட்டியின் அடியைத் தடவிப் பார்த்தார். என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனார்.

புதுக் குடியேற்றத்தில் எல்லா வீடும் ஒரே அச்சு. சீட்டுக் குலுக்கியதில் அம்மாவுக்கு முதல் வரிசையும் சின்னம்மாவுக்குக் கடைசி வரிசையும் விழுந்தன. காணிப் பெர்மிட் கைக்கு வரும்வரை எந்த நேரமும் வந்து பார்ப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் நான் சின்னம்மாவோடேயே இருந்தேன். அவர் அந்தச் சீமெந்துத் தரையை ஒரு நாளைக்கு மூன்று தரம் கூட்டினார். கதவுக்குச் சீலை தைத்துப் போட்டார். வேலையில்லாத நேரங்களில் வாசற்படியில் சும்மா உட்கார்ந்திருப்பார். அவரை அவ்வளவு அழகாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மிச்ச வீடுகளுக்குப் பூச்சு வேலை செய்த மேசன் ஒருவர் எங்களிடம் தண்ணீர் கேட்டு வருவார். அவர் வேலை செய்த இடத்துக்குப் பக்கத்திலேயே குழாய்க்கிணறு இருந்தது. களுவாஞ்சிக்குடிப் பக்கத்து ஆள், கூச்சக்காரர். கொஞ்ச நாளில் முறையாகச் சம்பந்தம் பேசி ஆள் வந்தது. மாப்பிள்ளை பகுதியார் ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. அன்று என்னை அம்மாவிடம் அனுப்பிவிடுவது என்று முடிவு.

அவர்கள் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டார்கள். மேசனின் தாய், அக்கா, அக்காவின் கணவர். அந்தக் கணவர்தான் எங்கள் சட்டியைத் தடவிப் பார்த்த கிளாக்கர். இது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்தக் கண்ணாடியைக் கண்டதுமே பரிசோதனைக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. சின்னம்மாவைக் காப்பாற்ற முன்னால் போய் நின்றேன்.

கிளாக்கருக்கும் என்னை நினைவிருந்தது. இப்பவும் சின்னம்மாவோடுதானா என்று கேட்டார். ஓம் ஐயா, நான் அவட பிள்ளை என்றேன். மேசனின் தாய் என்னைக் கிட்டக் கூப்பிட்டுத் தலையைத் தடவினார்.

"அப்ப இந்த வீடு மறுகா ஆருக்கு, புள்ள?"

இந்தக் கேள்வி பாடத்தில் இல்லை. ஆனால் ஒரு வீடு பிறகு யாருக்குப் போகும் என்பது எங்கள் ஊரில் எந்தப் பெண்பிள்ளைக்கும் தெரியும்.

"எனக்கு," என்றேன்.

சின்னம்மா தேத்தண்ணித் தட்டோடு உள்வாசலில் நின்றார். இவள் என் அக்காவின் பிள்ளை, சும்மா நிற்கிறாள் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அந்தச் சொல்லைக் கிளாக்கரின் முன்னால் சொன்னால் பெர்மிட் வராது. அவர் தட்டை நீட்டினார். வந்தவர்கள் குடித்தார்கள், வீடு நல்ல காற்றோட்டம் என்றார்கள், போய்விட்டார்கள். பிறக்கப்போகிற தங்கள் பேத்திக்கு இல்லாத வீட்டில் மகனைக் கொண்டுவந்து விட அந்தத் தாய்க்கு மனமில்லை என்று மறுநாளே சொல்லி அனுப்பினார்கள்.

அம்மா முதல் வரிசையிலிருந்து அழுதுகொண்டே வந்தார். மேசனிடம் மட்டுமாவது உண்மையைச் சொல்லிவிடுவோம் என்றார். அந்த மனிதருக்கு ஒளிக்கத் தெரியாது, சொன்னால் அவருடைய அத்தான் கிளாக்கரின் காதுக்குப் போகும் என்றார் சின்னம்மா. அம்மா விடவில்லை.

"வீட்ட விட்டுப்போட்டு மாப்பிள்ளய எடுத்தா, அவர எங்கயக்கா இருத்திற?" என்று கேட்டுவிட்டு, சின்னம்மா விளக்குமாற்றை எடுத்துத் தரையைக் கூட்டத் தொடங்கினார்.

பெர்மிட் வர ஏழு மாதம் எடுத்தது. அதற்குள் மேசனுக்கு அவருடைய ஊரிலேயே கல்யாணம் முடிந்துவிட்டது. எனக்குக் கல்யாணம் பேசியபோது சின்னம்மா யாரையும் கேட்காமல் அந்த வீட்டை என் பெயருக்கு எழுதினார். என் கணவர் வந்த அன்று, எங்கள் பக்கத்துத் தாய்மார் செய்வதைப் போலவே, தன் பாயை எடுத்துக்கொண்டு பின்னறைக்கு மாறினார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார். மேசனைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை, வந்தவர்களின் மோட்டார் சைக்கிள்கள் ஒழுங்கை திரும்பியதும், நான் சின்னம்மாவின் சீலையைப் பிடித்துக்கொண்டு சரியாகச் சொன்னேனா என்று கேட்டேன். அவர் காலிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கினார்.

"ஓம் மகள். பிழையில்லாமச் சொன்னாய்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சொல்லித்தராத கேள்விக்கும் நானே பதில் சொல்லிவிட்டேன் என்று அக்காவிடம் சொல்ல முதல் வரிசை வரை ஓடினேன்.