பத்தடி தள்ளி

1961 ஆகஸ்ட் 7, திங்கட்கிழமை. நாலரைக்கு எழுந்தேன். கிணற்றில் ஆறு குடம் இறைத்தேன். விஷக்காய்ச்சலில் கிடந்த மனைவிக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தேன். ஆறே முக்காலுக்குச் சைக்கிளை எடுத்தேன். ஏழு ஐம்பத்தெட்டுக்குக் கம்பெனிக்குள் நுழைந்தேன். டைரியில் இவ்வளவுதான் இருக்கிறது. நடுவில் நடந்ததை நான் எழுதவில்லை.

ஆமத்தூரிலிருந்து சிவகாசிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு ஏழு பேர் சைக்கிளில் போவோம். அதில் நான் மட்டும் சைக்கிள் பழகி ஒரு மாதமே ஆனவன். பழகிக்கொள்ள எனக்குத் தனியாக நேரம் கிடையாது. வேலைக்குப் போகிற நேரம்தான் பழகுகிற நேரமும். எட்டு மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். மூன்று முறை பிந்தினால் வேலை போய்விடும். நான் இரண்டு முறை பிந்தியிருந்தேன். மனைவிக்கு ஊசி மருந்து அந்தச் சம்பளத்தில்தான் வந்துகொண்டிருந்தது.

ஆடிக்காற்று எதிரே வந்து நெஞ்சில் அடிக்கும். தனியாக மிதித்தால் ஒன்பதாகிவிடும். அதனால் ஒருவர் பின் ஒருவராக ஒட்டிப் போவார்கள். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார். அடுத்த மைல்கல்லில் ஒதுங்கிக் கடைசிக்கு வந்துவிடுவார். எனக்கு ஒட்டிப் போக வரவில்லை. கம்பெனியில் வெடிமருந்துத் தட்டு தூக்கிப் போகிறவருக்குப் பத்தடி தள்ளித்தான் பின்னால் நடக்க வேண்டும். அது உடம்பில் ஊறிவிட்டது. ரோட்டிலும் பத்தடி தள்ளியே போனேன். காற்று முழுவதும் என்மேல் அடித்தது.

எனக்கு அந்த வேலையை வாங்கித் தந்தவர் மனைவியின் அண்ணன். திரும்பிப் பார்த்துக் கத்துவார்: "மாப்ளே, நான் என்ன வெடியா? இம்புட்டுத் தூரம் எட்டி வர்றீக! கிட்ட வாங்க, கடிக்க மாட்டேன்."

"சும்மா இருங்க அண்ணாச்சி, அவுக உங்களுக்குத் திரியைப் பத்த வச்சிட்டுல்ல தள்ளி வர்றாக!" என்பான் ஒருவன். வரிசையே சிரிக்கும்.

அன்று எனக்கு மூச்சு முட்டியது. மற்றவர்களின் சட்டைகள் தூரத்தில் புள்ளிகளாகிவிட்டன. மைத்துனர் மட்டும் எனக்காகப் பின்தங்கி, என் முன்னால் வந்து காற்றை மறைத்துக்கொண்டார். "என் பின்சக்கரத்தை மட்டும் பாருங்க. ரோட்டை நான் பாத்துக்கிறேன்."

பத்தடி ஐந்தடியாகி, ஒரு முழமானது. காற்று சட்டென்று நின்றது. கால் லேசாகிவிட்டது. அந்தச் சுகத்தில் அழுத்தி மிதித்துவிட்டேன். என் சக்கரம் அவருடைய மட்கார்டில் இடித்தது. அவர் சைக்கிள் ரோட்டை விட்டிறங்கிச் சரளையில் சரிந்தது. நான் எப்படி விழாமல் நின்றேன் என்று இன்றும் தெரியவில்லை.

எழுந்து உட்கார்ந்தவரின் மணிக்கட்டு ஒரு பக்கமாகத் தொங்கியது. "நிக்காதீக மாப்ளே. மணியாகுது, போங்க."

போனேன். திரும்பிப் பார்க்கவில்லை. திருத்தங்கல் ரயில்வே கேட் சாத்தியிருந்ததால் மற்றவர்களைப் பிடித்துவிட்டேன். "மச்சான் எங்க?" என்றார்கள். "பின்னால வர்றாக" என்றேன்.

சாயங்காலம் அவர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையோடு கட்டிலில் இருந்தார். ஐந்து பேரும் சுற்றி நின்றார்கள். "கருப்பு ஆடுலே. குறுக்க பாஞ்சிருச்சு" என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒன்றே ஒன்று கேட்டார்: "கேட்டுக்குள்ள போயிட்டீகளா?" தலையசைத்தேன். "அது போதும்."

அந்த ஆடு எதற்காக வந்ததென்று எனக்குத் தெரியும். முன்னால் போகிறவரை இடித்துத் தள்ளியவனை வரிசையில் சேர்க்க மாட்டார்கள். வரிசை இல்லாமல் நான் எட்டு மணிக்குள் போய்ச் சேர முடியாது.

அவர் கை பிறகு நேராகவே இல்லை. இன்று அதே ரோட்டில் பஸ்ஸில் போகிறேன். சன்னல் வழியே ஆடிக்காற்று அடித்தால் மற்றவர்கள் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்காருவார்கள். நான் இடம் மாறி உட்காருவேன்.

அவர் விழுந்த மறுநாள் காலை குடத்தைத் தொடவில்லை, அடுப்பும் பற்றவைக்கவில்லை. முதல் வேலையாக ஐந்து பேரும் கூடும் இடத்துக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனேன். "ஆடு எதுவும் வரல. இடிச்சது நான்தான்" என்றேன்.