நீராவியார் மகளை அழைத்த விதம்

"நான் ஒரு வார்த்தை சொன்னா சொன்னதுதான். அதை ரெண்டாவது தடவை சொல்ற வழக்கமும் கிடையாது, திரும்ப வாங்கிக்கிற வழக்கமும் கிடையாது!"

சாயத் தொழிற்சாலையின் கேன்டீனில் நீராவியார் இப்படி முழங்கியபோது தம்ளர் தண்ணீர்கூட நடுங்கியதாகக் கேள்வி. இருபத்தெட்டு வருடமாக அங்கே பாய்லர் பார்ப்பவர். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

இந்தக் கொள்கைக்கு முதல் பலி சொந்த மகள். ஆண்டுச் சோதனைக்கு வந்து, அவருடைய பாய்லரில் கசிவு என்று எழுதி மூன்று நாள் சீல் வைத்த இன்ஸ்பெக்டரையே அவள் கல்யாணம் செய்துகொண்டாள். "இனி என் வாசப்படி மிதிக்காதே" என்றார் நீராவியார். ஒரே தடவைதான் சொன்னார். இரண்டு வருடமாக அவள் மிதிக்கவில்லை.

அடுத்த வாரம் மகளும் மருமகனும் வெளிநாடு போகிறார்கள். திரும்ப ஐந்து வருடமாகும். பழைய நீராவி ரயிலில் குடும்பமாக ஒரு நாள் போய்வரச் சீட்டு வாங்கியவள் மனைவி. ரயிலென்றால் யார் வாசலையும் யாரும் மிதிக்க வேண்டியதில்லை அல்லவா! கிளம்பும்போதே கணவர் காதில் போட்டுவைத்தாள்: "நீங்க வாயைத் திறந்து கூப்பிட்டா ரெண்டு நாளாவது நம்ம வீட்டுல இருந்துட்டுப் போவா. இல்லன்னா ஸ்டேஷனோட சரி."

எதிரெதிர் மரப்பலகைகளில் முழங்கால் இடிக்க நான்கு பேரும் உட்கார்ந்தார்கள்.

"அவளை ஜன்னல் கண்ணாடியை ஏத்தி மூடச் சொல்லு. கரித்தூள் கண்ணுல விழும்" என்றார் நீராவியார், மனைவியிடம்.

"விழுந்தா துடைச்சுக்கறேன்னு சொல்லும்மா."

"நான் என்ன தபால்காரியா, நடுவுல உட்கார்ந்து பட்டுவாடா பண்ண?"

மருமகன் நிலைமையைச் சீராக்கப் பார்த்தார். "இன்ஜின் நல்லா இழுக்குது இல்ல, மாமா?"

"அதுக்கும் ஒரு சீல் வச்சுட்டு வர்றதுதானே" என்றார் மாமா, ஜன்னலைப் பார்த்து.

திரும்பும் வழியில் ஸ்டேஷன் நெருங்க, மகள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மனைவி கணவரை முறைப்பதை நிறுத்திவிட்டாள். முறைப்பே தேவலை என்று நீராவியார் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

அப்போது உதித்தது அந்த மகா யோசனை. வளைவு தாண்டினால் ரயில்வே கேட். அதற்கு முன்னால் விசில் பலகை. பலகையைக் கண்டால் டிரைவர் விசில் சங்கிலியை இழுத்தே ஆகவேண்டும். அந்த அலறலுக்குள் சொல்லிவிட்டால் கூப்பிட்டதும் ஆயிற்று, மானமும் பத்திரம். காதில் விழாவிட்டால் அது அவள் பாடு!

பலகை வந்தது. விசில் அலறியது. இரண்டு வருடத்தில் முதல்முறையாக மகள் முகத்தைப் பார்த்து, ஒரு விநாடி பிசகாமல் சொல்லி முடித்தார்.

விசில் நின்றது. மகள் முன்னால் குனிந்தாள்.

"என்னப்பா சொன்னீங்க?"

மருமகன் கைக்கடிகாரத்தில் எதையோ தேடத் தொடங்கினார். ஸ்டேஷன் வரை இனி ஒரு கேட்கூட மிச்சமில்லை. நீராவியார் தொண்டையைக் கனைத்தார்.

"வீட்டுக்கு வாம்மான்னு சொன்னேன்" என்றார். "ரெண்டு பேரும்."