யானை பஸ்ஸில் ஏறிற்றா?

அன்றைக்கு அந்த ஓராசிரியர் பள்ளியில் இருந்தவர்கள்: டீச்சரான என் அக்கா, மதியச் சோறு ஆக்கும் நான், பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர் ஐயா, பிள்ளைகள் பத்தொன்பது பேர், வேலியில் கட்டியிருந்த ஆடுகள் ஆறு. யாரையும் விட்டுவிடக் கூடாதே என்று இரண்டு முறை எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

அக்கா பெருநகர் என்கிற கிராமத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்தவர்கள். நான் மூன்றாம் வகுப்போடு நடவுக்குப் போய்விட்டேன். அக்கா அழுது, பட்டினி கிடந்து, படித்து டீச்சரானார். உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்தில் வேலை கிடைத்ததும் என்னையும் அங்கே சோறாக்கச் சேர்த்துவிட்டார்.

ஆடு மேய்க்கிற பிள்ளைகளை வரவழைத்தது ஒரு படப் புத்தகம். அதில் எருமை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகும். குரங்குதான் கண்டக்டர். கழுதை சில்லறைக்குச் சண்டை போடும். அக்கா ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் காட்டுவார். ஆட்டை விட்டு வரமுடியாதவர்கள் ஆட்டோடு வந்தார்கள்.

பதினைந்து பேருக்குக் குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்கள் என்று பேச்சு. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும், பாடத்தில் இல்லாத புத்தகமாயிற்றே, அக்கா வேலை போய்விடுமே என்று, சொல்லாமல் கொள்ளாமல் அதை அரிசி மூட்டைக்குள் ஒளித்துவிட்டேன்.

ஐயா தலை எண்ண ஆரம்பித்தார். முன்வரிசைப் பெண் எழுந்தாள். "இன்னா டீச்சர், பஸ் எங்க கீது?"

அக்கா மேசையெல்லாம் தேடினார். காணோம்.

"பஸ் இல்லன்னா நான் ஆட்ட ஓட்டிக்கினு போறேன்" என்று ஒருவன் கிளம்பினான். அவன் பின்னாலேயே நாலு பேர்.

"பிள்ளைகள் உட்காரவே மாட்டார்களாம்மா?" ஐயா பேனாவை மூடினார்.

நான் ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து நீட்டினேன். தவிட்டுத் தூசி கொட்டியது.

"இன்னாடி, எருமைய சோத்துல போடப் பாத்தியா?" என்றார் அக்கா. போனவர்கள் சிரித்துக்கொண்டே திரும்பி ஓடிவந்தார்கள். அன்றைய பக்கத்தில் யானை படியில் ஒரு கால் வைத்திருந்தது. பஸ் சாய்ந்து நின்றது.

"ஏறிச்சா டீச்சர்?"

"நாளைக்கு." அக்கா மூடிவிட்டார்.

"எனக்கு மட்டும் காட்டும்மா" என்றார் ஐயா.

"நீங்களும் நாளைக்கு வாங்க சார்."

அவர் சிரித்துவிட்டு, "பத்தொன்பது. ஆட்டையும் சேர்த்தா இருபத்தஞ்சு" என்று கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் கேட்டேன். "நாளைக்கு இன்னாக்கா காட்டுவ?"

"கடைசிப் பக்கமே இல்லடி. பசங்க வரையட்டும்."

வரைந்தார்கள். ஒருத்தி யானைக்கு நாலு டிக்கெட் கிழித்தாள். பள்ளி மூடவில்லை. வருஷா வருஷம் வரைந்தார்கள்.

அக்கா தன் கடைசி நாட்களில் படுக்கையிலிருந்தும், பார்க்க வந்தவர்களை "மிச்சம் நாளைக்கு" என்றே அனுப்பினார். நாளும் வந்து உடனிருந்த பழைய மாணவர்களுக்கும், அண்டை வீட்டாருக்கும், உறவினருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

ஒன்று மட்டும் மனதை அரிக்கிறது. அந்தப் புத்தகம் உத்திரமேரூர் பழைய பேப்பர் கடை பாயிடம் அக்கா எட்டணாவுக்குப் பேசி வாங்கியது. "கடைசிப் பக்கம் கெடைச்சா தரேம்மா, பாதி அப்ப குடு" என்றாராம். பக்கம் வரவேயில்லை. அவர் வீட்டார் யாரேனும் இதைப் படித்தால் தயவுசெய்து வரவும். பாக்கி நாலணா.