படலையடியில் நின்றவர்

எங்கள் கூடைப்பந்துக் கழக யாப்பு விதிகளின்படி, அணித் தெரிவைப் பற்றி அங்கத்தவர்கள் மட்டுமே, அதுவும் எழுத்தில்தான், கருத்துச் சொல்லலாம். பதினான்கு நாளில் செயலாளர் பதில் தரவேண்டும். நடைமுறையில் எல்லோரும் கத்துவார்கள், ஒருவரும் எழுதுவதில்லை.

எழுத விரும்பியவர் மைதானத்துக் காவலாளி மட்டும்தான். அவர் அங்கத்தவர் அல்லர். ஐந்தடி உயரம், வெளிறிய நீலச் சட்டை. எதிரணி பந்தை எறியும்போதெல்லாம் வாசற் படலையடியில் நின்றபடியே தடுப்பதுபோல் இரண்டு கைகளையும் தூக்குவார்.

அணி தொடர்ந்து தோற்றது. கூடையடியில் நிற்கும் நெட்டையனை விலக்கச் சொல்லிக் கத்தியவர்களில் நானும் ஒருவன்.

“தென்னைமரம் மாதிரி நிண்டவன். தடுக்கத் தெரியாது,” என்றேன்.

“இல்லை ஐயா, முன்னுக்கு நிக்கிறவை எல்லாரையும் உள்ளுக்கு விடுகினம். நான் படலையைத் திறந்து விட்டிட்டு, மாடு வந்ததுக்குக் கூடைக் கம்பத்திலை பிழை சொல்லேலுமே?” என்றார் காவலாளி.

“அவனைத்தான் நிப்பாட்டியாச்சே,” என்றேன்.

“ஓம். நேற்றுச் சப்பாத்தை என்னட்டைத் தந்திட்டுப் போட்டான், இனி விளையாட மாட்டானாம். நீங்கள் எழுதுவியளே?”

அவர் சொல்லச் சொல்ல எழுதி, அங்கத்தவன் என்ற முறையில் நானே கையொப்பமிட்டேன்.

பதினான்கு நாள் நான்கு மாதமாயிற்று. இடையில் அவரைக் காங்கேசன்துறைக்கு மாற்றிவிட்டார்கள். துடைத்து வைத்திருந்த சப்பாத்துகளை என்னிடம் தந்து, “பதில் வந்தால் அவனிட்டைக் குடுங்கோ,” என்றார். வாழ்நாளெல்லாம் படிவம் நிரப்பிய நான் அவருடைய பெயரைக் கேட்டிருக்கவில்லை.

நெட்டையனை மீண்டும் சேர்த்துக்கொள்வதாகச் செயலாளர் எழுதிய பதில், தைப்பொங்கலுக்கு மறுநாள் வந்தது.